நதிமூலம், ரிஷிமூலம், தேயிலை மூலம்

வணக்கம் ஐயா,

நான் கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். போன வாரம் ஒரு வாடிக்கையாளருக்கு ‘இந்தத் தேயிலையின் சோர்ஸ் இலங்கை’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மேலதிகாரி சோர்ஸை வெட்டிவிட்டு ஒரிஜின் என்று போட்டார். சரியென்று அடுத்த மெயிலில் ‘இந்தத் தகவலின் ஒரிஜின் கப்பல் கம்பனி’ என்று எழுதினேன். அதை வெட்டி சோர்ஸ் என்று போட்டார். ஏன் என்று கேட்டால் ‘அது அப்பிடித்தான்’ என்கிறார். அகராதியில் இரண்டுக்கும் ‘மூலம்’ என்றே இருக்கிறது. இதற்குள் ரூட் என்று வேறு ஒன்று. எப்படிப் பிரித்தறிவது?

இன்னொன்று. சுவிஸில் இருக்கும் பெரியப்பாவின் மகனுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். அண்ணா பிறந்தது கரவெட்டியில். பாஸ்போர்ட்டில் ஒரிஜின் என்ற இடத்தில் பேர்ன் என்று இருக்கிறது. பிழையாக அடித்துவிட்டார்களா?

வாசகி, வெள்ளவத்தை

*

வணக்கம் பிள்ளை,

உங்கள் மேலதிகாரி இரண்டு தடவையும் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார். ‘அது அப்பிடித்தான்’ என்பதும் முழுப் பொய் இல்லை, ஆங்கிலத்தில் பாதி விஷயம் அப்பிடித்தான். மிச்சப் பாதிக்குக் காரணம் சொல்லலாம்.

கோளாறு நம்முடைய மூலத்தில் இருக்கிறது. இவ்வளவு வேலை பார்க்கிற சொல் தமிழில் குறைவு. மூலநூல், மூலப்பொருள், கோயிலில் மூலவர், சாதகத்தில் மூல நட்சத்திரம், ‘கடிதம் மூலம் அறிவித்தார்’, கடைசியில் டொக்டரிடம் காட்ட வெட்கப்படுகிற அந்த வருத்தம் வரைக்கும் எல்லாம் இதன் தலையில். ஆனால் உங்கள் கேள்விக்கு விடையும் இந்தச் சொல்லிலேயே கிடக்கிறது. நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்களே, அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். நதியின் மூலத்துக்கு சோர்ஸ் என்றுதான் வரும். ரிஷியின் மூலத்துக்கு ஒரிஜின். நாம் ஒரே சொல்லால் கட்டிய இரண்டையும் அவர்கள் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

நதிமூலத்துக்கு இன்றைக்கும் போகலாம். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், செம்பில் அள்ளலாம். ரிஷி எந்தக் குடியில், யாருக்குப் பிறந்தார் என்பது ஒரு தடவை நடந்து முடிந்த சங்கதி. அதைக் கேட்கலாம், சொல்லலாம், மறைக்கலாம். அள்ள முடியாது. நான் சோர்ஸா ஒரிஜினா என்று தடுமாறும்போது இந்தச் செம்பைத்தான் நினைத்துக்கொள்வேன். சொற்களின் பிறப்பும் இதற்கு ஒத்துவருகிறது. சோர்ஸ், நீர் பொங்கி எழுவதைச் சொல்லும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரிஜினுக்கு அடியில் ‘எழுதல், உதித்தல்’ என்ற லத்தீன் வினை இருக்கிறது. கிழக்கைக் குறிக்கும் ஓரியன்ட் என்ற சொல்லும் அதே வினையில் பிறந்ததுதான். ஒன்று ஊற்று, மற்றது உதயம்.

உங்கள் வீட்டுப் பைப்பைத் திறந்து பாருங்கள். கொழும்புக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பது. ஆகவே நகரத்துக்கு சோர்ஸ் களனி கங்கை. அந்தக் கங்கையின் சோர்ஸ் எது என்று கேட்டால் சிவனொளிபாத மலைப்பக்கத்து உயரங்களுக்குப் போக வேண்டும். வீட்டில் கைகழுவுகிற பிள்ளைக்கு சோர்ஸ் கூரைமேல் இருக்கிற தாங்கி. சோர்ஸ் இப்படித்தான், எடுக்கிற ஆளைப் பொறுத்து இடம் மாறும்.

இனி உங்கள் தேயிலை. துபாயில் ஒரு கடைக்காரர் அங்கேயே ஒரு மொத்த வியாபாரியிடம் இலங்கைத் தேயிலை வாங்குகிறார் என்று வையுங்கள். அவருக்கு சோர்ஸ் அந்த மொத்த வியாபாரி. ஒரிஜின் அப்போதும் இலங்கைதான். பத்துக் கை மாறினாலும் அது மாறாது. உங்கள் மேசையில் கட்டுக்கட்டாக இருக்கும் சேர்ட்டிபிகேட் ஒஃப் ஒரிஜினின் வேலையே அதுதான். சரக்கை யார் விற்றார் என்பதற்கு இன்வொய்ஸ் இருக்கிறது. எந்த நாட்டுப் பொருள் என்று சொல்லத்தான் இந்தச் சான்றிதழ். கொழும்பிலேயே வெளிநாட்டுத் தேயிலையைக் கலந்து பைக்கற் பண்ணி அனுப்பினால் அதில் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைப் போட விடமாட்டார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இலை முழுக்க இங்கே விளைந்ததாக இருக்க வேண்டும்.

ஆனால் எதனுடைய ஒரிஜின் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1824இல் பேராதனைப் பூங்காவுக்குச் சீனாவிலிருந்து ஒரு தேயிலைச் செடி வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தோட்டம் போட்டார். செடியின் கதையை எழுதுகிறவருக்கு ஒரிஜின் இலங்கை ஆகாது. பெட்டியில் இருக்கும் தேயிலைக்கு ஒரிஜின் இலங்கை.

தகவல் விஷயம் சுலபம். கப்பல் கம்பனியிடம் கேட்டீர்கள், சொன்னார்கள். நாளைக்கும் கேட்கலாம். அள்ள முடிகிறது, ஆகவே சோர்ஸ். நமது பத்திரிகைகளில் ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ என்று எழுதுகிறார்களே, அந்த வட்டாரங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் சோர்ஸ்தான். வட்டத்துக்கு நடுவில் ஒரேயொரு ஆள்தான் உட்கார்ந்திருப்பார், அது வேறு கதை.

இதில் நானும் அடிபட்டிருக்கிறேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்த நாட்களில் ஒரு காப்புறுதிக் கம்பனியிடமிருந்து தீவிபத்து அறிக்கை ஒன்று வந்தது. புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடை எரிந்த விவகாரம். ஆங்கிலத்தில் மூன்று தலைப்பு: ஒரிஜின், சோர்ஸ் ஒஃப் இக்னிஷன், கோஸ். நான் அகராதியை நம்பி ‘தீயின் மூலம்: பின்பக்கக் களஞ்சிய அறை’ என்றும் ‘தீப்பற்றிய மூலம்: மின்சாரக் கேத்தல்’ என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளில் கடை முதலாளி கடதாசியோடு வந்து நின்றார். “தம்பி, தீயின் மூலம் களஞ்சிய அறை எண்டால் என்ன? நான் நெருப்பை வைச்சு அறை கட்டினனான் எண்டா?” வாசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்த் திரும்ப எழுதினேன். தீ தொடங்கிய இடம், களஞ்சிய அறை. தீயை மூட்டிய பொருள், கேத்தல். காரணம், கொதிக்க வைத்துவிட்டு அணைக்காமல் போனது. அதற்குப் பிறகு ‘மூலம்’ என்று எழுதக் கை போகும்போதெல்லாம் அந்த மனிதரின் முகம் வந்துவிடும்.

ரூட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பஸ் ரூட் இல்லை, இது வேர். வேலிச் சண்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம், நமக்குத் தெரியாத சண்டையா! பாட்டன் காலத்தில் ஒருவர் வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டார், அது ஒரிஜின். பாட்டனும் இல்லை, அந்தக் கதியாலும் இல்லை. காணி உறுதியில் எல்லை சரியாக எழுதப்படாமல் இன்னும் கிடக்கிறது, அது ரூட். அதைத் திருத்தாதவரை மேலே எத்தனை தரம் வெட்டினாலும் திரும்பத் தளிர்க்கும். இந்தக் கதையையெல்லாம் உங்களுக்குச் சொன்ன பக்கத்து வீட்டு ஆச்சி சோர்ஸ். பிகினிங், ஸ்டார்ட் இரண்டும் பெரும்பாலும் நேரத்தையும் வரிசையையும் சொல்பவை. அவற்றில் நீங்கள் பிழை விடப்போவதில்லை.

ஒரிஜின் பொருளைவிட்டு மனிதர் மேல் ஏறும்போதுதான் எனக்குக் கொஞ்சம் பயம். அங்கே நாம் மூலம் என்பதில்லை, வம்சாவளி என்கிறோம். அட்டனில் பிறந்தவர், அவருடைய தாயும் அட்டனில் பிறந்தவர், ஆனாலும் அவர் இந்திய வம்சாவளி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் எங்கே பிறந்தார் என்று அத்தாட்சி கேட்டது. பிறப்பைப் பதிந்து வைக்காத தேயிலைத் தோட்டத்து லயத்து மனிதர்கள் அதற்கு எங்கே போவார்கள்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து குடியுரிமை கொடுத்தபோதும் அதன் பெயரிலேயே ‘இந்திய வம்சாவளியினர்’ இருந்தது. தேயிலைக்கு ஒரிஜின் இலங்கை, அதைப் பறித்த கைக்கு ஒரிஜின் இந்தியா. இரண்டும் ஒரே லொறியில்தான் மலையிறங்கி வந்தன.

கடைசியாக உங்கள் அண்ணாவின் பாஸ்போர்ட். பிழையாக அடிக்கவில்லை. சுவிஸ்காரர்கள் பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தைப் போடுவதில்லை. ஒருவர் எந்த ஊராட்சியின் குடிமகனோ அந்த ஊரைத்தான் ஒரிஜின் என்று போடுகிறார்கள். அவர்களுடைய பழைய வழக்கம் அது. அண்ணா பேர்னில் குடியுரிமை எடுத்திருப்பார், அதனால் பேர்ன். பத்துக் கை மாறினாலும் ஒரிஜின் மாறாது என்று மேலே எழுதியதை இந்த ஒரு பாஸ்போர்ட் கவிழ்த்துவிட்டது என்று நீங்கள் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. அது தலைமுறை தலைமுறையாகப் போகும் என்பதால், அண்ணாவின் பிள்ளை சூரிச்சில் பிறந்தாலும் அதன் பாஸ்போர்ட்டில் சாதாரணமாகப் பேர்ன்தான் வரும். பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.