கனத் தகடு போட்ட டிரெய்லரா, தகடில்லாத டிரெய்லரா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன் ஐயா. என் பக்கிக்கு (பின்னால் திறந்த தட்டு உள்ள சின்ன லாரி) பின்னால் இழுக்க, மொத்த எடை 750 கிலோவுக்குள் ஒரு டிரெய்லர் செய்யச் சொல்லி இரண்டு பட்டறைகளில் விலை கேட்டேன். முதல் பட்டறையில், குறுக்குச் சட்டம் சேரும் ஒவ்வொரு இடத்திலும் 6 மில்லிமீட்டர் முக்கோணத் தகடு வைத்துச் சுற்றிலும் வெல்டிங் அடித்துத் தருவார்களாம். இரண்டாவது பட்டறையில் தகடே கிடையாது. பக்கச் சட்டத்தின் நடு உயரத்தில் துளை போட்டு, குறுக்குப் பைப்பை அதற்குள் நுழைத்து, உள்ளேயும் வெளியேயும் வெல்டிங் வைக்கிறார்கள். இது 60 கிலோ குறைவு, ஆனால் 3,000 ரேண்ட் அதிகம். இரும்பைக் குறைத்துக்கொண்டு காசைக் கூட்டிக் கேட்பது நியாயமா?

பதில்: நியாயம்தான். வேலை சுத்தமாக இருந்தால் இரண்டாவதையே வாங்குங்கள்.

முதலில் உங்கள் வருமானக் கணக்கைப் பார்ப்போம். நம் தென்னாப்பிரிக்காவில் பிரேக் இல்லாத டிரெய்லர், சரக்கோடு சேர்த்து 750 கிலோவைத் தாண்டக் கூடாது. இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. டிரெய்லரே 260 கிலோ என்றால் சரக்குக்கு 490 கிலோதான் மிச்சம். 200 கிலோ என்றால் 550. அதாவது ஒவ்வொரு நடைக்கும் ஆறு பை உருளைக்கிழங்கு கூடுதலாக ஏற்றலாம், 10 கிலோ பையாக.

அடுத்து பலம். டிரெய்லர் சட்டம் ஒரே நாளில் பாரம் தாங்காமல் முறிவது அபூர்வம். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்து, வெல்டிங் முடியும் ஓரத்தில் ஒரு நுண்ணிய விரிசல் பிறந்து, அது நாளாக நாளாக நீளும். பாரம் ஏறும்போது சட்டத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் அதிகமாக இழுபடும், நசுங்கும். நடு உயரத்தில் அந்த இழுப்பு அநேகமாக இருக்காது. அதனால்தான் பெரிய லாரிகளில் குறுக்குச் சட்டத்தைப் பெரும்பாலும் நடுப் பகுதியில் ரிவெட்டோ போல்ட்டோ போட்டுச் சேர்க்கிறார்கள். விளிம்பில் துளை போடாதே, வெல்டிங் வைக்காதே என்று லாரிக் கம்பெனிகளின் கையேடுகள் கண்டிப்பாகச் சொல்கின்றன. உங்கள் முதல் பட்டறைக்காரர் முக்கோணத் தகட்டை வைப்பதோ சரியாக அந்த விளிம்பில். தகடு இருக்கும் இடம் விறைப்பாகிவிடும், தகடு முடிகிற முனையில் மொத்த இழுப்பும் வந்து குவியும். விரிசல் அங்கேதான் தொடங்கும்.

வெல்டிங் இணைப்புக்குப் பொதுவாக ஒரு கணக்கு உண்டு. அதில் விழும் இழுப்பு பாதியானால் ஆயுள் எட்டு மடங்காகும். இழுப்பு கால்பங்கு கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். உயர்ரக எஃகு போடுகிறோம் என்று யாராவது சொன்னாலும் மயங்க வேண்டாம். வெல்டிங் ஓரத்தின் ஆயுளை அது பெரிதாகக் கூட்டாது. வெல்டிங்கை எந்த இடத்தில் வைக்கிறார்கள், எப்படி முடிக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டர்பனில் இருக்கும் நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தகட்டின் மேல் தகடு வைத்தால் இடையில் ஒரு மெல்லிய இடுக்கு இருக்கும். சுற்றிலும் வெல்டிங் என்று சொன்னாலும் எங்கோ ஓரிடம் விட்டுப்போகும். உப்புக் காற்றும் ஈரமும் அதற்குள் போனால் காயவே காயாது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது உள்ளிருந்து தகட்டைப் புடைக்கவைத்து வெல்டிங்கையே பிளக்கும். துண்டுகள் குறைந்தால் இடுக்கும் குறையும்.

சரி, 3,000 ரேண்ட் எதற்கு? துளையைச் சரியான அளவில் போடுவதற்கு. பைப் துளைக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். இடைவெளி அதிகமானால் வெல்டிங் கம்பியால் ஓட்டையை ரொப்புவார்கள், அந்த இணைப்பு தகடு போட்டதைவிட மோசம். பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு நடை போய் டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் வரி சீராக ஓடி முடிய வேண்டும். முடியும் இடத்தில் ஊசி குத்தியது போல் குழி இருந்தாலோ, வரியை ஒட்டி இரும்பு அரித்த மாதிரி பள்ளம் இருந்தாலோ, அதைச் சரிசெய்த பிறகே பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) செய்வதாக இருந்தால் பைப்பில் காற்றுத் துளை இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூடிய பைப்பை 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் முக்கினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துவிடும்.

இன்னொன்று, பதிவு பெற்ற தயாரிப்பாளரிடம் மட்டும் வாங்குங்கள். வெற்று எடையும் மொத்த எடையும் பொறித்த பிளேட் இல்லாத டிரெய்லரைப் பதிவு செய்ய அலைய வேண்டிவரும். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரவும், பழுது நீக்கவோ மாற்றவோ பணத்தைத் திரும்பக் கேட்கவோ உரிமை தருகிறது. ஆனால் இந்த மாதிரி விரிசல் ஆறு மாதம் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கு மட்டும் இரண்டு வருட உத்தரவாதம் எழுத்தில் வாங்குங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ள பட்டறைக்காரர் தயங்க மாட்டார்.

கேள்வி: ஃபீனிக்ஸில் ஒருவர் தன் பழைய பக்கியை விற்கிறார். கேபினுக்குப் பின்னால் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) மேலிருந்து கீழாக ஒரு வெல்டிங் கோடு தெரிகிறது. “ஒட்டினபிறகு முன்னைவிட பலம்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சட்டத்தை நேர்க்குத்தாக வெட்டி ஒட்டியிருந்தால், விளிம்புகளின் குறுக்கே வெல்டிங் போயிருக்கிறது என்று அர்த்தம். இருக்கவே கூடாத இடம் அது. ஒழுங்காகச் செய்தவர்கள் முனை சரிந்து குறுகும் தகட்டை வைத்து மூடியிருப்பார்கள், செய்த பட்டறையின் ரசீதும் இருக்கும். பதிவுப் பத்திரத்தில் சாதாரணப் பழைய வண்டிக்கான கோட் 2 என்று இருக்கிறதா, மீண்டும் கட்டிய வண்டிக்கான கோட் 3 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கியமாக, நான் மேலே சொன்ன ஆறு மாத உரிமை, வியாபாரமாக விற்பவரிடம் வாங்கினால்தான். சொந்த வண்டியை விற்கும் தனியாளிடம் அந்த நுகர்வோர் சட்டத்தைக் காட்ட முடியாது. டீலரிடம் வாங்கித் தகராறு வந்தால் மோட்டார் துறை ஆம்பட்ஸ்மனிடம் (தகராறு தீர்க்கும் நடுவர்) புகார் செய்யலாம்.

கேள்வி: டோங்காட்டில் இருக்கிறேன், கடல் பக்கம். அலுமினிய டிரெய்லர் துருப்பிடிக்காது என்கிறார்களே?

பதில்: இரும்பு மாதிரி துருப்பிடிக்காது, எடையும் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் சட்டம் உயரமாக இருக்க வேண்டும். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அலுமினியம் நன்றாகவே பலமிழந்துவிடும். 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் காரின் அலுமினிய சேஸிஸை வெல்டிங் இல்லாமல் பசையால் ஒட்டித்தான் செய்தார்கள், எடை 68 கிலோ. டிரெய்லருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், போல்ட் போட்ட இணைப்பே போதும். ஆனால் இரும்பு ஆக்சில் அலுமினியத்தை நேராகத் தொடக் கூடாது. உப்பு ஈரத்தில் இரண்டும் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும். நடுவில் பிளாஸ்டிக் அட்டையும், போல்ட்டைச் சுற்றி பிளாஸ்டிக் உறையும் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.