மணிக்கூட்டை முன்தள்ளினால் மின்சாரம் மிஞ்சுமா?

கேள்வி: ஐரோப்பாவில் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். மின்கட்டணம் ஏறும் இந்த நாளில் இலங்கையில் நாமும் அப்படிச் செய்தால் என்ன? (வாசகர், பம்பலப்பிட்டி)

மிஞ்சாது. லண்டனில் ஜூனில் பகல் பதினாறரை மணிநேரத்துக்கு மேல். டிசம்பரில் எட்டு மணிநேரம்கூட இல்லை. மணிக்கூட்டை மாற்றாவிட்டால் அங்கே ஜூனில் காலை 3.45-க்கே விடிந்துவிடும். யாரும் எழும்பாத அந்த வெளிச்சத்தை எடுத்து மாலையில் சேர்க்கிறார்கள். கொழும்பில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணிநேரம்தான். ஆண்டு முழுக்கச் சூரியன் காலை 5.50-க்கும் 6.30-க்கும் இடையில் உதிக்கிறது. எடுத்து மாற்றிவைக்க உபரி வெளிச்சமே இல்லை.

நாம் செய்து பார்க்காததும் அல்ல. 1996-இல் வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி மின்வெட்டு வந்தபோது, மே 25 அன்று ஒரு மணிநேரம் முன்தள்ளினார்கள். மே மாதத்திலேயே விடிய 6.50 தாண்டியது. ஒக்டோபர் 26-இல் அரை மணிநேரம் பின்வாங்கினார்கள். அப்படியும் ஜனவரி, பெப்ரவரியில் விடிய ஏழு மணியாயிற்று. ஏழரைக்குப் பாடசாலை மணி அடிக்க, பிள்ளைகள் இருட்டில் வேன் ஏறினார்கள். மாலையில் அணைத்த விளக்கைக் காலையில் போட்டால் மிச்சம் எங்கே? 2006 ஏப்ரல் 15-இல் பழைய நேரத்துக்கே திரும்பினோம்.

அன்றைக்காவது ஒரு நியாயம் இருந்தது. 60 வாட் குமிழ் ஐந்து, தினம் ஒரு மணிநேரம் குறைவாக எரிந்தால் மாதம் 9 அலகு மிச்சம். அதே ஐந்தும் இன்று 9 வாட் எல்இடி என்றால் ஒன்றரை அலகுகூட இல்லை. இப்போது பில்லை ஏற்றுவது ஏசியும் குளிர்சாதனப் பெட்டியும். அவை வெக்கைக்கு ஓடுகின்றன, மணிக்கூட்டுக்கு அல்ல. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 2006-இல் முழுமையாக இந்த முறைக்கு வந்தபோது வீட்டு மின்பாவனை ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடியது என்றே ஆய்வு சொன்னது. நீண்ட மாலை வெக்கையில் ஏசி ஓடியதுதான் முக்கிய காரணம்.

கேள்வி: மகளுக்குப் பொருத்தம் பார்க்கிறோம். பிறந்தது 1998 ஜூன் 12, கொழும்பில், காலை 6.30. கையால் எழுதிய சாதகத்தில் ரிஷப லக்கினம், கைத்தொலைபேசிச் செயலியில் மிதுன லக்கினம். எது சரி? (வாசகி, கொட்டாஞ்சேனை)

ஆஸ்பத்திரி மணிக்கூடு 6.30 காட்டியது என்றால் ரிஷபம். சாத்திரத்தின் பலாபலனுக்குள் நாம் போகவில்லை, இது வெறும் கணக்கு.

1998-இல் மணிக்கூடு அரை மணிநேரம் முன்னால் இருந்ததால், அன்றைய 6.30 என்பது இன்றைய நேரப்படி 6.00. ஜூன் 12 அன்று கொழும்பில் சூரியன் உதித்துச் சில நிமிடங்களே ஆகியிருக்கும். லக்கினம் என்பது பிறந்த வேளையில் கிழக்கே உதிக்கும் ராசி, ஆகவே சூரிய உதய வேளையில் லக்கினம் சூரியன் நிற்கும் ராசிதான். வைகாசி முடிய இரண்டு மூன்று நாள் இருந்ததால் சூரியன் ரிஷபத்தின் கடைசிப் பாகைகளில். செயலி 6.30-ஐ அப்படியே இன்றைய நேரமாக எடுத்ததால் லக்கினம் ஏழெட்டுப் பாகை ஓடி மிதுனத்துக்குள் போய்விட்டது.

செயலியில் நேர வலயம் (கிரீன்விச் நேரத்துக்கு எத்தனை மணி முன்னால்) என்ற பெட்டியைப் பாருங்கள். 1996 மே 25 முதல் ஒக்டோபர் 25 வரை பிறந்தவர்களுக்கு +6.30, அதன்பின் 2006 ஏப்ரல் 14 வரை +6.00, அதற்குப் பிறகு +5.30. பெட்டியை மாற்ற முடியாவிட்டால் பிறந்த நேரத்தில் அரை மணியோ ஒரு மணியோ கழித்து, +5.30 என்றே விடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். பிழை மறுபக்கம் போய்விடும். நேரத்தைத் தாமாகவே திருத்தும் செயலிகளும் உண்டு, ஆகவே எந்த வலயம் எடுத்தது என்று பார்த்தபிறகே கை வையுங்கள்.

ஒரு நட்சத்திரப் பாதத்தைக் கடக்கச் சந்திரனுக்கு ஏறத்தாழ ஆறு மணிநேரம் ஆகும். அதனால் அரை மணிநேரப் பிழையில் நட்சத்திரப் பொருத்தம் பெரும்பாலும் மாறாது. லக்கினத்திலிருந்து எண்ணும் செவ்வாய் தோஷம் மாறலாம், ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்ச லக்கினம் மாறிவிடும். வீண் சண்டை வருவது அங்கேதான்!

மாப்பிள்ளை அந்தக் காலத்தில் வன்னியில் பிறந்தவரா? புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. குறித்தவர் புது நேரம் பார்த்தாரா, பழைய நேரம் பார்த்தாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்காமல் கணிக்கவேண்டாம்.

கேள்வி: ஐரோப்பாவிலேயே இந்த மணிக்கூடு மாற்றுவதை நிறுத்தப் போவதாகச் சொன்னார்களே? (வாசகர், தெஹிவளை)

2021-உடன் நிறுத்த ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் வாக்களித்தது. கோடை நேரத்தை வைத்துக்கொள்வதா, குளிர்கால நேரத்தையா என்று உறுப்பு நாடுகள் ஒத்துவரவில்லை. கிடப்பில் கிடக்கிறது.

கேள்வி: லண்டனில் அண்ணா, ரொறன்ரோவில் அக்கா, மெல்பேர்ணில் தம்பி. மாதாமாதம் சூமில் சந்திக்கிறோம். மார்ச்சில் மட்டும் யாராவது ஒருவர் பிந்துகிறார். ஏன்? (வாசகி, வெள்ளவத்தை)

மூன்று ஊரும் மூன்று தேதியில் மாற்றுவதால். ரொறன்ரோ மார்ச் இரண்டாம் ஞாயிறு, லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு, மெல்பேர்ண் ஏப்ரல் முதல் ஞாயிறு. கோடை நேரத்தில் லண்டன் நமக்கு நாலரை மணி பின்னால், மற்றபடி ஐந்தரை. ரொறன்ரோ ஒன்பதரை, பிறகு பத்தரை. மெல்பேர்ண் எதிர்ப்பக்கம்: ஒக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஐந்தரை மணி முன்னால், ஏப்ரலுக்குப் பிறகு நாலரை.

மார்ச்சில் நடுவில் வரும் இரண்டு மூன்று வாரம்தான் சிக்கல். அக்கா நேரத்தை மாற்றியிருப்பார், அண்ணா மாற்றியிருக்க மாட்டார். ஒக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடையிலும் அதே கதை. அழைப்பை நீங்களே கொழும்பு நேர வலயத்தில் போடுங்கள். அண்ணா லண்டன் நேரத்தில் போட்டால் வருடத்தில் இருமுறை உங்கள் வீட்டு நேரம் நகரும். நீங்கள் போட்டால் நகர்வது அவர்கள் பாடு.