டிராக்டருக்கு முன்னால் ஸ்னோ ப்ளோவர் (பனியை அள்ளி வீசும் கருவி) மாட்டியதும் பின்சக்கரம் வழுக்குகிறதா?

சின்ன ஏற்றத்தில்கூடப் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, சரளைப் பாதையில் ப்ளோவரின் ஷியர் போல்ட் (சுமை மீறினால் உடைவதற்கென்றே வைத்த போல்ட்) இரண்டு முறை உடைந்தது என்கிறீர்கள். சக்கரம் வழுக்குவதற்கு டிராக்டரில் கோளாறு இருக்காது. முன்னால் தொங்கும் ப்ளோவர், தராசுத் தட்டு போலப் பின்பக்கத்தைத் தூக்குகிறது.

முதலில் பின்பக்கம் எடை சேர்க்க வேண்டும். பின் அச்சைத் தாண்டித் தொங்கும் எடைக்குத்தான் பலன் அதிகம். அளவு மேனுவலில் இருக்கும், அதை மீறாதீர்கள். டயருக்குள் திரவமும் நிரப்பலாம்: வால்வு உச்சியில் நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பி, டயரின் முக்கால் பங்குவரை, கார் கண்ணாடி கழுவும் உறையாத வாஷர் திரவத்தை நிரப்புங்கள். வெறும் தண்ணீர் உறைந்துவிடும், கால்சியம் குளோரைடு ரிம்மை அரிக்கும். பனியில் பிடிப்புக்காக டயரில் மாட்டும் சங்கிலி வாங்கும்போது இரண்டு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி உள்ளதைக் கேளுங்கள். நான்கு கண்ணி வகையில் இடைவெளி அதிகம். அங்கேதான் டயர் வழுக்கும்.

ஷியர் போல்ட் உடைவது கியர்பாக்ஸைக் காப்பாற்றத்தான். தயவுசெய்து கடினமான போல்ட் போட்டுவிடாதீர்கள். ப்ளோவரின் இரு பக்கமும் தரையில் சறுக்கிச் செல்லும் சறுக்குக் கட்டைகளை இறக்கி, அதன் அடியில் பனியைச் சுரண்டும் தகடு தரையிலிருந்து 25 மி.மீ. உயரத்தில் நிற்கும்படி வையுங்கள். கல் உள்ளே போவது பெருமளவு குறையும்.

பனி வெளியேறும் குழாய் அடைத்தால் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, கட்டையால் குத்துங்கள். எஞ்சின் நின்றாலும் கை வேண்டாம்: உள்ளே இறுகி நிற்கும், பனியை வீசும் விசிறி, அடைப்பு விலகியதும் சட்டென்று திரும்பும்.