கீழ்க்குரல் பாடியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எண்பதுகளில் நான் மாம்பலத்தில் பள்ளி மாணவியாக இருந்தபோது, மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவின் பாடல்களை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டிருக்கிறேன். எம்.பி. சீனிவாசன் முன்னால் நின்று கையசைக்க, ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று பாடுவார்கள். அந்தப் பாடல்கள் இப்போது எங்கே கிடைக்கும்? கர்நாடக இசை கற்கும் என் மகனிடம் இதைச் சொன்னபோது, "அது தேவாலயப் பாட்டின் நகல், ராகத்துக்கும் ஹார்மனிக்கும் ஒத்துவராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அவன் சொல்வது சரிதானா? அப்படிப்பட்ட குழு ஒன்றுகூட இன்று சென்னையில் இல்லாமல் போனது ஏன்?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

பாடல்கள் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு நான் தேவையில்லை. யூடியூபில் தேடினால் சில கிடைக்கும், அவற்றைக் கேளுங்கள். ஆனால் உங்கள் மகனின் அந்த ஒற்றை வரியை அப்படி விட்டுவிட முடியாது. சில வாரங்களாகவே, நம் கூட்டங்களில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடப்படும் விதத்தைப் பற்றி எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் அதற்கு ஒரு சாட்சியாக வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் எம்.பி.எஸ். என்கிற சீனிவாசன் யார் என்று உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். 1960இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்தின் இசையமைப்பாளர் அவர். ஜெயகாந்தன் எழுதிய 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' பாட்டுக்கு மெட்டுப் போட்டவர். 1961இல் மலையாளப் படம் ஒன்றுக்காக யேசுதாஸின் குரலை முதன்முதலில் திரையிசையில் பதிவு செய்தவரும் அவர்தான். சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் உருவாக முன்னின்றதும் அவரே. கூலி கேட்பதற்காக வயலின்காரர்களையும் தபலாக்காரர்களையும் ஒன்றுசேர்த்த மனிதர், பாடுவதற்காக அலுவலக ஊழியர்களையும் மாணவர்களையும் ஒன்றுசேர்த்ததில் எனக்கு எந்த வியப்பும் இல்லை. 1958இல் கல்கத்தாவில் ரூமா குஹா தாகுர்தா அங்கே ஒரு யூத் கொயரைத் தொடங்கினார். பம்பாயில் சலில் சௌத்ரி ஒன்றை நடத்தினார். அந்த இடதுசாரிப் பண்பாட்டு மரபு சென்னைக்கு வந்து சேர்ந்தபோது பாரதியைப் பாடியது. நகல் என்று ஒரு சொல்லில் இதைத் தள்ளுகிறவர், மேற்கிலிருந்து வந்த வயலினையும் தள்ள வேண்டியிருக்கும் என்பது பழைய பதில். அதை நான் நீட்டப்போவதில்லை.

ஹார்மனி என்பது வெவ்வேறு சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது. அது ராகத்துக்கு ஒத்துவராது என்கிறாரே, அங்கேதான் எனக்குக் கோபம். அவருடைய தம்பூராவை நன்றாகச் சுருதி சேர்த்துக் கொஞ்ச நேரம் கேட்கச் சொல்லுங்கள். எந்தத் தந்தியையும் காந்தாரத்துக்கு யாரும் கூட்டவில்லை. ஆனாலும் 'ச' என்கிற ஷட்ஜத் தந்தியிலிருந்து, 'க' என்கிற அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். ஷட்ஜமும், 'ப' என்கிற பஞ்சமமும் ஏற்கெனவே அங்கே ஒலித்துக்கொண்டிருக்கின்றன. மேற்கத்தியர்கள் தங்கள் ஹார்மனிக்கு அடித்தளமாக வைக்கிற ச, க, ப மூன்றும் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு நாளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. காது கொடுக்காமல் தீர்ப்பு மட்டும் கொடுப்பது எந்தக் குருவிடம் கற்ற பழக்கம்?

எல்லா ராகத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. தோடி ராகத்தை எடுத்துக்கொண்டு நான்கு குரலில் பிரித்தால் அதன் காந்தாரம் அசைகிற அசைவில் எல்லாம் குழம்பிவிடும். கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, ஒரு குரலின் தனிச்சொத்து. ஆனால் மோகன ராகத்தை எடுங்கள். ச, ரி, க, ப, த என்ற ஐந்தே சுரங்கள். மத்திமமும் நிஷாதமும் இல்லாததால் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் அரைச்சுர இடைவெளியில் உரசுவதற்கு வாய்ப்பே கிடையாது. மேல்வரிசை எந்தச் சுரத்தைப் பாடுகிறதோ, ராகத்திலேயே ஒரு சுரம் தள்ளிக் கீழே இருப்பதை இரண்டாவது வரிசை பாடட்டும்: காந்தாரத்துக்குக் கீழே ஷட்ஜம், பஞ்சமத்துக்குக் கீழே ரிஷபம், தைவதத்துக்குக் கீழே காந்தாரம். எங்கும் இடிக்காது. ராகத்தை விட்டு ஒரு சுரம்கூட வெளியே போகாது. இதைத் தாளில் எழுதிக்கூடப் பார்க்காமல் ஒத்துவராது என்று சொல்ல முடிகிறதென்றால் அது இசையறிவு அல்ல, கேள்விப்பட்ட அபிப்பிராயம்.

இந்த மோகனத்தில்தான் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தார். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, இசைத்தட்டைப் போடுவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் சொல்கிறது. நடப்பது என்ன? மேடையில் இரண்டு பெண்கள் தங்களுக்கு ஏற்ற உயர்ந்த சுருதியான ஐந்தரைக் கட்டையில் தொடங்குவார்கள். அதைவிடத் தாழ்ந்த ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடப் பழகிய ஆண்தொண்டைகள் தவிக்கும். மெட்டு மேலே ஏறும் இடத்தில் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள், மீதிப்பேர் கீழ்ஸ்தாயியில் முனகுவார்கள். யாருக்கும் வெட்கமில்லை. திருவையாற்றில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும்போதும் எல்லோருக்கும் ஒரே வரிதான். அது பக்தி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பலர் சேர்ந்து பாடுவதென்றாலே எல்லோரும் ஒரே வரியைப் பாடுவது என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். தாழ்ந்த குரல் கொண்டவனுக்கு அவன் குரலிலேயே ஒரு வேலை உண்டு என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தக் கொயர்க்காரர்கள்.

நான் வங்கி ஊழியனாக இருந்த காலத்தில், சேர்ந்திசைப் பயிற்சி பெற்ற ஒருவர் எங்கள் ஊழியர்களில் சிலரைக் கூட்டி, மாலை நேரங்களில் பாரதி பாட்டுக் கற்றுக்கொடுத்தார். கீழ்க்குரல் வரிசைக்கு அவர் முதன்மை மெட்டைக் காட்டவே மாட்டார். வாரக்கணக்கில் எங்கள் வரியை மட்டும் பாடவைப்பார். ஏற்ற இறக்கம் அதிகமில்லாத, தனியாகக் கேட்டால் பாட்டென்றே தோன்றாத ஒரு வரி. எங்களுடன் நின்ற காசாளர் ஒருவருக்கு எந்தச் சபாவிலும் இடம் கிடைக்காத கரகரத்த குரல். கோயில் பஜனையில்கூட அவரை மெதுவாகப் பாடச் சொல்வார்கள். பெண்கள் வரிசையை எங்களோடு சேர்த்து முதன்முறையாகப் பாடிய மாலையில், அந்தக் கரகரப்பின்மேல் மேல்வரிசை முழுவதும் ஏறி நின்றது. அதன்பிறகு அவர் பணத்தை எண்ணிக்கொண்டே எதையோ முணுமுணுப்பார்; என்ன பாட்டு என்று வாடிக்கையாளர் யாருக்கும் பிடிபட்டதில்லை, ஏனென்றால் அது பாட்டின் கீழ்ப்பாதி. "பக்கத்தில் நிற்பவர் குரல் உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் நீங்கள் கத்துகிறீர்கள் என்று பொருள்" என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வார். தனிக் கச்சேரிக்காகவே வளர்க்கப்படும் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

எம்.பி.எஸ். 1988 மார்ச்சில் லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் காலமானார். அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பல தலைமுறைகளாகப் பாடிவருகிறது. டிசம்பரில் எழும்பூர், கீழ்ப்பாக்கம் பக்கம் ஏதேனும் ஒரு தேவாலயத்துக்குப் போனால் நான்கு குரலில் பாடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். வாத்தியங்களை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டுக் குரல்களையே பின்னணியாக அடுக்கிய 'ராசாத்தி என் உசிரு' 1993இல் தமிழ்நாடு முழுவதும் கேட்ட பாட்டு. இல்லாமல் போனது குழு அல்ல. மேடையில் தன் பெயர் வராத ஒரு பாட்டுக்காக வாரத்தில் இரண்டு மாலைகளைக் கொடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அந்தக் குறைவில் உங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு.

மாநிலப் பாடலை நீங்கள் தொட வேண்டாம். அதே மோகனத்தில் ஒரு பாரதி பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்பில் பாட ஆசைப்படும் எட்டுப்பேர் கிடைக்க மாட்டார்களா? கற்றுக்கொடுக்க மகனையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பாடும்போது அவரை மேல்வரிசையில் மட்டும் நிற்க விடாதீர்கள், கீழ்க்குரலைக் கொடுங்கள்.