குளிர்காலத்தில் மோட்டார்ஹோம்: இரவில் எங்கே நிறுத்துவது?

தம்பி,

ஏப்ரல் மாதம் வேலைக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்திருக்கிறீர்கள். டிசம்பர் இறுதியில் மூன்று வாரம் விடுமுறை. படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும் வண்டியான மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் பிரான்ஸ், ஸ்பெயின் வழியாகப் போர்ச்சுகலின் தென்கரையான அல்கார்வே வரை போய்வர ஆசைப்படுகிறீர்கள். தினமும் முகாம் மைதானத்துக்குப் பணம் கட்டாமல், இரவில் இலவசமாக நிறுத்தித் தூங்கும் இடங்களின் பட்டியல் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியல் கொடுத்தால் உங்களுக்கு அது உதவாது. நானும் என் கணவரும் ஒன்பது குளிர்காலங்கள் இந்தப் பாதையில் போய்வந்திருக்கிறோம். ஜூலையில் பசும்புல்லாக இருந்த இடம் ஜனவரியில் உளையாகிக் கிடக்கும். போன வருடம் திறந்திருந்த இடத்தில் இந்த வருடம் உயரமான வண்டிகள் நுழையாதபடி குறுக்கே உயரத்தடைக் கம்பி வைத்திருப்பார்கள். இடத்தைப் பார்த்ததும் இது நமக்கு ஆகுமா, ஆகாதா என்று முடிவு செய்யக் கற்றுக்கொண்டால் போதும். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, இடம் தாராளமாகக் கிடைக்கும். நான் கவலைப்படுவது மறுநாள் காலையைப் பற்றித்தான்: வண்டி அங்கிருந்து சேதமில்லாமல் வெளியே வருமா, உள்ளே இருப்பவர்கள் கதகதப்பாக எழுந்திருப்பார்களா?

அதற்கு முன் ஒரு விஷயம். நீங்கள் எழுதியதில் லைசென்ஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்திய லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறியதிலிருந்து 6 மாதங்கள்தான் செல்லும். ஏப்ரலில் வந்த உங்களுக்கு அது அக்டோபரோடு முடிகிறது. ஜெர்மன் லைசென்ஸ் வாங்க எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுதியாக வேண்டும். அதை இன்றே தொடங்குங்கள். கையில் வருகிற பி வகுப்பு லைசென்ஸில் 3.5 டன் வரை ஓட்டலாம். மூன்று பேரும் சாமானும் ஏறி, தண்ணீர்த் தொட்டியையும் விளிம்பு வரை நிரப்பினால் அந்த எடையை எளிதாகத் தாண்டிவிடும். அதனால் புறப்படும்போது தொட்டி பாதி நிறைந்திருந்தால் போதும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வேறுபாடு இருக்கிறது: வண்டியை நிறுத்துவது வேறு, முகாம் போடுவது வேறு. ஜெர்மனியில் பொது வாகன நிறுத்துமிடத்தில், ஓட்டுநர் களைப்பு தீர்ந்து மறுபடி ஓட்டும் நிலைக்கு வரும்பொருட்டு ஓர் இரவு தூங்குவதை ஏற்றுக்கொள்கிறார்கள். வெளியே நாற்காலி போட்டால், பக்கவாட்டுப் பந்தலை விரித்தால், அது முகாம் ஆகிவிடும். நீல நிறத்தில் ‘பி’ எழுதிய பலகைக்குக் கீழே சின்னதாக ஒரு காரின் படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த இடம் கார்களுக்கு மட்டும். உங்கள் வண்டி அதில் சேராது. புதிதாக வந்தவர்கள் இந்தச் சின்னப் பலகையைக் கவனிக்காமல்தான் அபராதம் கட்டுகிறார்கள்.

ஸ்பெயினில் போக்குவரத்து இயக்குநரகம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவுறுத்தல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சக்கரங்களைத் தவிர வேறெதுவும் தரையைத் தொடக்கூடாது, வண்டியின் அளவைத் தாண்டி எதையும் விரிக்கக்கூடாது, எந்தத் திரவமும் வெளியே கசியக்கூடாது. அப்படியிருந்தால் அது வெறும் நிறுத்தம்தான். உள்ளே நீங்கள் சமைத்தாலும் தூங்கினாலும் கேள்வி இல்லை. ஆனால் நகராட்சிகள் சொந்தமாக விதி போடலாம் என்பதால் ஊர் எல்லையில் உள்ள பலகையைப் படியுங்கள். கடற்கரை மணலை ஒட்டி நிறுத்துவதைக் கடலோரச் சட்டம் தடுக்கிறது. எவ்வளவு அழகான இடமானாலும் அங்கே இரவு தங்காதீர்கள்.

பிரான்ஸ் இந்தப் பயணத்தின் இனிமையான பகுதி. சின்னச் சின்ன ஊராட்சிகள்கூட மோட்டார்ஹோம்களுக்கென்றே ‘ஏர்’ என்ற நிறுத்திடங்களை வைத்திருக்கின்றன. பலவற்றில் தங்குவதற்குக் கட்டணமே கிடையாது. 1993இல் தொடங்கிய ‘பிரான்ஸ் பாசியோன்’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டி அதன் வில்லையைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால், அதில் சேர்ந்த திராட்சைத் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் 24 மணி நேரம் வரை இலவசமாக நிற்கலாம். எதையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. போனதும் வீட்டுக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். புறப்படும்போது சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். அவர்கள் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

போர்ச்சுகலில் கவனம் வேண்டும். 2021ஆம் ஆண்டு தொடக்கத்தில் அனுமதி பெற்ற இடங்களைத் தவிர வேறெங்கும் இரவு தங்கவே தடை போட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது ஒரு நகராட்சி எல்லைக்குள் அதிகபட்சம் 48 மணி நேரம் தங்கலாம். ஆனால் ‘நட்டூரா 2000’ இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளிலும், கடலோரத் திட்டத்துக்குள் வரும் இடங்களிலும் இரவு தங்க இன்னும் தடைதான். சட்டத்தில் இரவு என்பது 21 மணி முதல் 7 மணி வரை. அல்கார்வேயின் மேற்குக் கோடியில் உள்ள சாக்ரெஸ் பக்கத்துச் செங்குத்துப் பாறைகளின் மேல் வண்டியை நிறுத்திச் சூரியன் கடலில் இறங்குவதைப் பாருங்கள். பார்த்துவிட்டு உள்நாட்டுப் பக்கம் வந்து தூங்குங்கள்.

இனி, குளிரின் கதை. தெற்கே போனால் வெயில் என்ற நினைப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பெயினின் நடுவே இருப்பது பீடபூமி. புர்கோஸ் நகரம் 850 மீட்டருக்கு மேலே, ஆவிலா 1,100 மீட்டருக்கும் மேலே இருக்கின்றன. டிசம்பர் இரவில் அங்கே நீர் உறைவது சாதாரணம். பிரான்சில் சுங்கக் கட்டணம் அதிகம் இல்லை என்று ஏ75 நெடுஞ்சாலையைப் பலர் சொல்வார்கள். மீயோ பாலத்தைத் தவிர அது பெரும்பாலும் இலவசம்தான். ஆனால் அது 1,100 மீட்டரைத் தாண்டி ஏறி இறங்குகிற சாலை. 2021 முதல் பிரான்சின் மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் அல்லது சக்கரத்தில் மாட்டும் பனிச்சங்கிலி கட்டாயம். வாடகை வண்டியில் எந்த டயர் இருக்கிறது என்று வார்த்தையில் கேட்டால் போதாது. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமும் பனித்துகளும் கொண்ட குறி இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். குழந்தையோடு முதல் முறை போகிறவர் ரோன் பள்ளத்தாக்கு வழியே போவதே நல்லது, சுங்கம் கட்டினாலும் பரவாயில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அந்த ஏ75 பக்கம் நாங்கள் கழித்த ஒரு பிப்ரவரி இரவு. திரும்பி வந்துகொண்டிருந்தோம். வண்டியின் ஹீட்டரை எரிக்கும் ஜெர்மன் கேஸ் சிலிண்டர் ஸ்பெயினிலேயே தீர்ந்துவிட்டது. அதைப் பிற நாடுகளில் மாற்றித் தர மாட்டார்கள். அதனால் அங்கே கிடைக்கும் ஆரஞ்சு நிறச் சிலிண்டரை இணைப்பானோடு வாங்கி மாட்டியிருந்தோம். தெற்கில் ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. மலைமேல் ஒரு கிராமத்தின் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்திப் படுத்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு ஹீட்டரின் விசிறிச் சத்தம் மாறியது, சிவப்பு விளக்கு எரிந்தது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கனம் இருந்தது. கேஸ் இருக்கிறது, ஆனால் வரவில்லை. அதில் இருந்தது பியூட்டேன். பூச்சியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே அது ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். வெளியே மைனஸ் ஒன்பது.

கம்பளிகளையெல்லாம் எங்கள் மகன்மேல் போர்த்திவிட்டு நாங்கள் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டிலுக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். தொடர்ந்து வண்டிக்குக் கீழே தண்ணீர் கொட்டும் ஓசை. வெந்நீர்க் கொதிகலன் உறைந்து வெடித்துவிடாமல் காக்க ஒரு வால்வு உண்டு. வெப்பநிலை 3 டிகிரி அளவுக்கு இறங்கியதும் அது தானாகத் திறந்து, உள்ளே இருக்கும் பத்து லிட்டரையும் வெளியே விட்டுவிடும். காலையில் இறங்கினால் படிக்குக் கீழே கண்ணாடிபோல் ஒரு பனித்தகடு. என் கணவர் அதன்மேல் உப்பைத் தூவியபடி நின்றார். தேவாலயத்துக்கு வருகிற முதியவர்கள் வழுக்கி விழுந்துவிடக்கூடாதே என்ற கவலை அவருக்கு.

ஆகவே ஜெர்மனியிலிருந்து புறப்படும்போதே 11 கிலோ புரோப்பேன் சிலிண்டர்கள் இரண்டு இருக்கட்டும். கடுங்குளிரில் ஒரு சிலிண்டர் மூன்று நாளுக்குக்கூட வராமல் போகலாம். தெற்கே போனதும் செலவு குறைந்துவிடும். ஒன்றைத் திரும்பும் பயணத்துக்கென்று தொடாமல் வைத்திருங்கள்.

தண்ணீர் இன்னொரு சிக்கல். குளிர்காலத்தில் இலவச இடம் எளிது, தண்ணீர்க் குழாய் அரிது. குழாய் வெடித்துவிடும் என்பதால் பல நிறுத்திடங்களில் நவம்பரிலேயே தண்ணீரை அடைத்துவிடுகிறார்கள். தண்ணீர் வரும் இடத்தைக் கண்டால், தொட்டி காலியாகும்வரை காத்திராமல், எடை தாண்டாத அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள், கழிப்பறைப் பெட்டியையும் அங்கேயே காலி செய்துவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டி உறையாமல் இருக்க அடிக்குழாயைத் திறந்துவைத்து வாளி வைக்கச் சிலர் சொல்லுவார்கள். முகாம் மைதானத்தில் அது சரி. இலவச நிறுத்தத்தில் செய்யவே கூடாது. வாளி நிறைந்து வழிந்தால் நீங்கள் அந்த ஊரின் தெருவில் கழிவுநீர் விட்டவர் ஆகிறீர்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை பணம் கட்டி ஒரு மைதானத்தில் தங்குங்கள். துணி துவைக்க, மின்சாரத்தில் பேட்டரியை ஏற்ற, குழந்தையை நிதானமாகக் குளிப்பாட்ட அது வேண்டும். தாழ்ந்த வெயிலில் கூரைமேல் உள்ள சூரியத்தகடு கொடுப்பது கொஞ்சம்தான்.

இடம் தேட ‘பார்க்ஃபோர்நைட்’ செயலியை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், நாங்களும்தான். அதில் நட்சத்திரங்களை எண்ணாதீர்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் எழுதிய கருத்துகளை மட்டும் தேடிப் படியுங்கள். ஒவ்வொரு இரவுக்கும் இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். டிசம்பர் இறுதியில் ஸ்டுட்கார்ட்டில் நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. இருட்டில் தரை தெரியாது. அட்லாண்டிக் கரையோரக் கிராமம் ஒன்றில், இருட்டிய பிறகு போய்ப் புல்தரையில் நிறுத்தினோம். இரவெல்லாம் மழை. காலையில் முன்சக்கரங்கள் சுழலச் சுழல வண்டி அச்சு வரை இறங்கியது. கால்பாய்களைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தோம். அவற்றையும் சேறு விழுங்கியது. பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார், பணம் வாங்க மறுத்துவிட்டார். அவருடைய ஊரின் புல்வெளியில் நாங்கள் விட்டுவந்த இரண்டு பள்ளங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அன்று முதல் தார், கான்கிரீட், இறுகிய சரளை தவிர வேறெதிலும் சக்கரம் வைப்பதில்லை.

நிறுத்தும்போதே வண்டியின் முகத்தை வெளியேறும் பக்கம் திருப்பிவையுங்கள். உறையும் இரவில் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், சமதரையில் கியரில் விட்டுச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். ஈரமான பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும். மரத்தடி வேண்டாம், பனிபாரம் தாங்காமல் கிளை முறியும். ஆளில்லாத தனியிடத்தைவிட ஊர் விளையாட்டரங்கின் பின்புறம், நீச்சல்குளத்தின் வாகன நிறுத்துமிடம் போன்றவை நல்லவை. ஜன்னலில் விளக்கு தெரிகிற வீடுகள் சில பக்கத்தில் இருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்குவேன். நெடுஞ்சாலை ஓய்விடங்களில், குறிப்பாகத் தென்பிரான்சிலும் ஸ்பெயினின் மத்தியதரைக் கரையோரத்திலும், இரவு தூங்காதீர்கள். திருட்டு நடக்கும் இடங்கள் அவை. நெடுஞ்சாலையை விட்டுப் பத்து நிமிடம் உள்ளே போனாலே வேறு உலகம். மயக்க வாயுவை உள்ளே செலுத்திக் கொள்ளையடிப்பார்கள் என்று யாராவது பயமுறுத்தினால் அதை நம்ப வேண்டாம். அப்படிச் செய்வது நடைமுறையில் ஆகாது என்று பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர் கல்லூரியே சொல்லியிருக்கிறது. நீங்கள் பயப்பட வேண்டிய வாயு கார்பன் மோனாக்சைடு. குளிருக்கு அஞ்சிக் காற்றோட்டத் துளைகளைத் துணியால் அடைக்காதீர்கள், அடுப்பை எரியவிட்டுக் குளிர்காயாதீர்கள், பனி பெய்தால் ஹீட்டரின் புகைபோக்கியை மூடியிருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். அந்த வாயுவைக் கண்டு ஒலிக்கும் கருவி ஒன்றைக் கட்டாயம் வாங்கிப் படுக்கைப் பக்கம் மாட்டுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மாலையில் வந்து, சத்தமில்லாமல் தூங்கி, காலையில் குப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நீங்கள் புதியவர் என்பதால் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்: ஓர் இரவு என்று நிறுத்தி ஒரு வாரம் குடியிருந்தவர்களால்தான் எத்தனையோ நல்ல இடங்களில் இன்று உயரத்தடைக் கம்பி நிற்கிறது.

லைசென்ஸ் தேர்வுக்குத் தேதி கிடைத்ததும் எழுதுங்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஸ்பெயின் எல்லையருகே உள்ள பிரெஞ்சு நகரமான பெர்பினியான் வரையிலான முதல் மூன்று இரவுகளுக்கு எங்கெங்கே தரை உறுதியாக இருக்கும், எங்கே தண்ணீர் வரும் என்பதை வரைபடத்தை வைத்துக்கொண்டு சேர்ந்தே பார்ப்போம்.