சாமத்தில் வருகிற மெசேஜ்

கேள்வி: எங்கள் வீடு யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில். நான் ஆசிரியை, வயது 31. அப்பா இல்லை, அம்மா நோயாளி. தம்பிக்கு 22, ஏ.எல். பரீட்சை சரிவரவில்லை, எப்போதாவது கடலுக்குப் போவான். போன மாதம் பக்கத்து ஒழுங்கையில் நடந்த வாள்வெட்டில் அவனுடைய சிநேகிதனுக்குக் கையில் வெட்டு. அன்று முதல் தம்பி இரவில் வீட்டில் தங்குவது குறைவு. எனக்கும் நித்திரை இல்லை, என் ஏ.டி.எம். கார்டு அவனிடம் இருப்பதால், காசு விழுந்த மெசேஜ் சாமத்திலும் வந்துகொண்டே இருக்கும். என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஐஸ் என்கிற போதைப்பொருள் பாவிக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் கடற்படை முகாம். அப்படியும் கஞ்சாவும் ஐஸும் கரையேறுகிறது என்றால் அரசாங்கம் என்ன செய்கிறது? காணியை விற்றுத் தம்பியைக் கனடாவுக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: தங்கச்சி, அரசாங்கத்தைப் பற்றி ஆத்திரமாகக் கேட்டிருக்கிறீர்கள். மெசேஜைப் பற்றி நித்திரை கெடுகிறது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

உங்கள் சம்பளம் மாதத்தில் ஒரு நாள்தான் வரும். சாமத்தில் உங்கள் கணக்கில் காசு போடுகிறவர் யார்? மீன் விற்ற காசு என்று சொல்லாதீர்கள். ஐஸ் விற்கிறவர்கள் காசைக் கையில் வாங்காமல் அம்மா, அக்கா, மனைவி பெயரில் இருக்கும் கணக்கில் போடச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. காசு விழுந்த பிறகு, பொட்டலம் வைத்த இடம் போனில் வரும். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இருவரின் காசும் உங்கள் கணக்குக்கே வந்திருக்கலாம். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை எழுப்பிக் கேட்கிற வாய், தம்பியிடம் ஏன் ஒரு தடவையும் கேட்கவில்லை? தகப்பன் இல்லாத வீட்டில் தாய், தகப்பன் இரண்டும் அக்காதான். பாசம் காட்டுவதற்கு மட்டுமா அந்த இடம்?

அரசாங்கத்தை நான் விட்டுவிடவில்லை. 2020இல் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்து அதிகாரிகளே, பிடித்த ஹெரோயினை விற்றார்கள் என்று கைதானார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்று போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கி ஆயிரக்கணக்கில் ஆட்களை அள்ளினார்கள்; பாவித்துக் கெட்ட ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதில் ஏராளம். 2025 பெப்ரவரியில் சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் கொழும்பு நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அந்த வழக்கில் தேடப்பட்ட பெண் யாழ்ப்பாணத்தில் இருந்து படகேறி இந்தியாவுக்குப் போனார் என்று பொலிஸே சொன்னது. பிடிபட்டது ஒக்டோபரில், நேபாளத்தில். இத்தனை காவல் இருக்கும் கரையில் இது எப்படி நடந்தது என்று அரசுதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் கார்டைத் தம்பி கையில் கொடுத்தது அரசு இல்லை.

2022இல் திருத்திய சட்டப்படி 5 கிராம் ஐஸ் கடத்தினாலே மரண தண்டனை அல்லது ஆயுள். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கில் போடவில்லை, சரி. அப்படியென்றால் அவன் சிறையிலேயே கிழவனாவான். உங்களுக்கும் 2006ஆம் ஆண்டுப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம், அதாவது குற்றத்தில் வந்த காசைக் கையாளுவதற்கு எதிரான சட்டம், இருக்கிறது. தெரியாது என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. சந்தேகப்படக் காரணம் இருந்ததா என்றும் அது பார்க்கும்.

கனடாப் பேச்சை விடுங்கள். அவன் போனால், கணக்குக் கேட்டு வாளோடு வருகிறவர்கள் அம்மா படுத்திருக்கும் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், தம்பியிடம் கதைப்பதற்கும் முன்னால். அவரிடம் கேட்டு வங்கிக்குப் போய்க் கார்டை நிறுத்துங்கள், கணக்கறிக்கை எடுங்கள். வந்த காசில் ஒரு சதமும் தொடாதீர்கள். அவனும் பாவிக்கிறான் என்றால் 1927க்கு அடியுங்கள்; தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் அது.

அன்றிரவு கார்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டுக்கொண்டு தம்பி வருவான். சோற்றைப் போடுங்கள். அவன் சாப்பிட்டு முடிந்ததும், அது யாருடைய காசு என்று கேளுங்கள்.