ஜூலையில் ஆண்டிஸ் மலையைப் பஸ்ஸில் கடக்கலாமா?

கேள்வி: நானும் என் நண்பரும் ஜூலை நடுவில் தென் அமெரிக்கா போகிறோம். புவெனஸ் ஐரிஸில் இறங்கி நான்கு நாள். அங்கிருந்து இரவு பஸ்ஸில் மெண்டோசா, அங்கே மூன்று நாள். பிறகு பஸ்ஸில் ஆண்டிஸைக் கடந்து சிலியின் சாண்டியாகோ. மறுநாள் இரவு அங்கிருந்து ஊருக்கு விமானம். அப்போது அங்கே குளிர்காலம் என்கிறார்கள். மலைப்பாதைக்கும் இரவு பஸ்ஸா, பகல் பஸ்ஸா? டிக்கெட்டை இங்கிருந்தே எடுத்துவிடலாமா? எவ்வளவு கனமான உடை தேவைப்படும்?

பதில்: உடை, டிக்கெட் எல்லாம் சமாளிக்கக்கூடியவை. உங்கள் திட்டத்தின் பலவீனம் கடைசி இரண்டு நாளில் இருக்கிறது. மெண்டோசாவிலிருந்து சாண்டியாகோ போகும் சாலை ஜூலையில் எந்த நாளும் மூடப்படலாம். அப்படி மூடினால் விமானம் போய்விடும். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் பயணத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள்: சாண்டியாகோவில் இறங்கி, மலையைக் கடந்து மெண்டோசா, பிறகு புவெனஸ் ஐரிஸ், அங்கிருந்து ஊருக்கு. பார்க்கும் ஊர்களும் ஏறும் பஸ்களும் அதேதான். ஆனால் மலை மூடினால் உங்களுக்கு நஷ்டம் மெண்டோசாவில் ஓரிரு நாள் மட்டுமே.

இரு ஊருக்கும் இடையே தூரம் அதிகமில்லை, 360 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். சிக்கல் எல்லாம் உயரத்தில். 600 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் சாண்டியாகோவிலிருந்து சாலை ஏறி ஏறி 3,200 மீட்டர் வரை போகிறது. அங்கே 1980-இல் திறக்கப்பட்ட கிறிஸ்தோ ரெடென்டோர் சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதன் நடுவில்தான் நாட்டெல்லை. சுரங்கத்துக்குள் பனி விழாது. ஆனால் அதற்கு ஏறும் சிலிப் பக்கச் சாலை, ‘கராகோலெஸ்’ என்று எல்லோரும் சொல்லும் கொண்டை ஊசி வளைவுகளாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி ஏறுகிறது. பனிச்சரிவு விழும் இடமும் அதுதான். அர்ஜென்டினாப் பக்கம் சரிவு மெதுவானது. அங்கே தொல்லை காற்று: விழுந்து கிடக்கும் பனியையே கிளப்பி, முன்னால் போகும் வண்டி கண்ணுக்குத் தெரியாதபடி வெள்ளையாக அடிக்கும். வானம் தெளிந்த பிறகும் பாதை திறக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு பக்கமும் பனியை ஒதுக்கி முடித்து, இரு நாட்டு அதிகாரிகளும் சரி என்ற பிறகே வண்டிகளை விடுவார்கள். மூடினால் சில சமயம் அரை நாள், சில சமயம் இரண்டு மூன்று நாள். மோசமான புயல் வரிசையாக வந்தால் ஒரு வாரத்தையும் தாண்டும்.

திறந்த பிறகும் உடனே நகர முடியாது. சிலியில் லாஸ் ஆண்டெஸ் ஊர்ப்பக்கமும், அர்ஜென்டினாவில் உஸ்பயாட்டாவிலும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். காத்திருந்த பயணிகள் எல்லோரும் முதல் நாள் பஸ்ஸுக்கே மோதுவார்கள். அதனால் மூடிய நாட்களோடு இன்னொரு நாளைக் கூட்டிக் கணக்கிடுங்கள்.

இரவா பகலா என்ற கேள்விக்கு இடமே இல்லை. குளிர்கால அட்டவணையில் இந்த எல்லை இரவில் மூடிவிடும், போக்குவரத்து பகலில் மட்டும். கிடைப்பதிலேயே காலை முதல் பஸ்ஸை எடுங்கள். ஜூலையில் மலையில் சிலி நேரப்படி மாலை ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். எல்லையில் மூன்று மணி நேரம் நின்றாலும் மீதிப் பாதையைப் பகலிலேயே முடிக்க வேண்டும். ஓட்டம் மட்டும் ஆறு மணி நேரம். சோதனைக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், பள்ளி விடுமுறை வாரங்களில் இன்னும் கூடும். அர்ஜென்டினாவில் குளிர்காலப் பள்ளி விடுமுறையை மாகாணம் மாகாணமாக ஜூலையில்தான் விடுகிறார்கள். உங்கள் தேதிகள் அதில்தான் விழுகின்றன. கடிகாரத்தையும் கவனியுங்கள். குளிர்காலத்தில் அர்ஜென்டினா சிலியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மெண்டோசாவில் அன்றிரவே இன்னொரு பஸ் பிடிக்க நினைப்பவர்கள் இந்த ஒரு மணி நேரத்தில்தான் தவறவிடுகிறார்கள்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே தினமும் பாதை நிலவரம் பாருங்கள். அர்ஜென்டினா அரசின் எல்லைக் கடவுகள் பக்கத்தில் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று போடுவார்கள். சிலிப் பக்க நிர்வாகமும் சமூக வலைத்தளங்களில் அறிவிக்கும். வானிலை பார்க்கும்போது நகரத்தின் வானிலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெண்டோசாவில் ஜூலையில் திடீரென்று வெயில்கால வெப்பத்தோடு வறண்ட காற்று அடித்தால், அது ‘சோண்டா’. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலை ஏறும்போது பனியை எல்லாம் மேலே கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி வருவது அது. கீழே ஸ்வெட்டரைக் கழற்றும் அந்த நாளில் மேலே பெரும்பாலும் பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

விமான டிக்கெட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள், மாற்ற முடியாது என்றால்: மெண்டோசாவின் நாட்களைச் சாண்டியாகோவுக்கு மாற்றுங்கள். விமானத்துக்கு மூன்று முழு நாள் முன்பாக மலையைக் கடக்கும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று மூடியிருந்தால் ஒரு நாள் காத்திருக்கலாம். விமானத்துக்கு 48 மணி நேரம் இருக்கும்போதும் திறக்கவில்லை என்றால் பஸ்ஸை மறந்துவிட்டு மெண்டோசா–சாண்டியாகோ விமானத்தில் ஏறுங்கள். ஒரு மணி நேரப் பறப்புதான், ஆனால் பாதை மூடிய செய்தி வந்ததும் அந்த இருக்கைகளும் வேகமாகத் தீரும்.

தெற்கே ஓசோர்னோவுக்கும் பரிலோச்சேவுக்கும் நடுவில் இன்னொரு கடவு இருக்கிறது, உயரம் 1,300 மீட்டர்தான், அந்த வழியாகச் சுற்றிப் போகலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதுவும் பனியில் மூடும் பாதைதான், இதைவிடச் சீக்கிரம் திறப்பார்கள் என்பது மட்டும் வித்தியாசம். சாண்டியாகோவிலிருந்து ஓசோர்னோ ஒரு முழு இரவு, பரிலோச்சேவிலிருந்து புவெனஸ் ஐரிஸ் இருபது மணி நேரத்துக்கு மேல். ஏரிகளைப் பார்க்க ஆசை இருந்தால் அந்தப் பயணத்தைத் தனியாகவே போடலாம். மூடிய பாதைக்கு மாற்று என்று நினைத்துப் போனால் நாளும் போகும், பணமும் போகும்.

டிக்கெட்: மலைப் பயணத்துக்கு இங்கிருந்தே எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் முன்பு, பாதை நிலவரம் பார்த்துவிட்டு, டெர்மினல் கவுண்டரிலோ பஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ எடுங்கள். அரசு பாதையை மூடினால் நிறுவனங்கள் பொதுவாகத் தேதியை மாற்றித் தருவார்கள், இல்லையென்றால் பணம் தருவார்கள். இடைத்தரகு இணையதளத்தில் வாங்கியவருக்கோ கவுண்டரில் ‘அங்கேயே கேளுங்கள்’ என்ற பதில்தான் வரும். சில உள்ளூர்த் தளங்கள் வெளிநாட்டு அட்டையை ஏற்பதில்லை. வேறு சில, உள்ளூர் அடையாள எண் கேட்கும் கட்டத்திலேயே நின்றுவிடும். சாண்டியாகோவில் பஸ் டெர்மினல் ஒன்று அல்ல. மெண்டோசா பஸ்கள் பெரும்பாலும் யுனிவெர்சிடாட் டே சாண்டியாகோ மெட்ரோ நிலையத்தை ஒட்டிய டெர்மினலிலிருந்து புறப்படும். டிக்கெட்டில் எது அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

இருக்கை விஷயத்தில் சாண்டியாகோவிலிருந்து மெண்டோசா போகிறவர்களுக்கு இடப்பக்கம். பாதை கிழக்கே போகிறது. அமெரிக்கக் கண்டங்களிலேயே உயரமான அக்கோன்காகுவா, 6,961 மீட்டர், வடக்கே இடப்பக்கத்தில் சுரங்கம் தாண்டியதும் சிறிது நேரம் தெரியும். தென்கோளத்தில் சூரியனும் வடக்கே இருப்பதால் இதமான வெயிலும் அதே பக்கம். எதிர்த்திசையில் போனால் வலப்பக்கம். இரண்டடுக்கு பஸ் என்றால் மாடியின் முன்வரிசைக் கண்ணாடி இருக்கைகள் படம் எடுக்க அருமை. வளைவில் வயிறு புரட்டும் ஆளுக்கு அவை ஆகாது. மாடி அதிகம் ஆடும். அப்படிப்பட்டவர் கீழ்த்தளத்திலோ மாடியின் நடுவிலோ உட்கார்ந்து, வாந்தி மாத்திரையைப் பஸ் கிளம்பும்போதே போட்டுக்கொள்ளட்டும். வளைவு ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

உயரத்தைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டாம். 3,200 மீட்டரில் லேசான தலைவலி, மூச்சு வாங்குதல் சிலருக்கு வரும், அன்று மாலைக்குள் 750 மீட்டர் அளவில் இருக்கும் மெண்டோசாவுக்கு இறங்கிவிடுவீர்கள். பொலிவியா, பெரு மேட்டுநிலங்களில் தங்கும்போது வரும் மலைச்சுகவீனம் வேறு சங்கதி. இதய, நுரையீரல் நோய் இருப்பவர் மட்டும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லைச் சோதனை வழக்கமாக ஒரே கூரையின் கீழ் நடக்கும். அர்ஜென்டினா போகும்போது மலையைத் தாண்டி ஓர்கோனெஸில், சிலி போகும்போது சிலிப் பக்கக் கட்டடத்தில். முதல் ஜன்னலில் வெளியேற்றம், அடுத்ததில் நுழைவு, பிறகு பைகளுக்கு ஸ்கேனர். சிலி விமான நிலையத்தில் நுழைவுச் சீட்டு ஏதாவது தந்தால் அது பாஸ்போர்ட்டுக்குள்ளேயே இருக்கட்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நாட்டு விதிகளும் தனித்தனி. அமெரிக்க விசா வைத்திருப்போருக்கான சலுகைகளும் அடிக்கடி மாறுகின்றன. தூதரகத் தளத்தில் இரண்டையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பஸ் நிறுவனமே ஆவணம் சரியில்லை என்றால் ஏற்றாது.

சிலிக்குள் நுழையும்போது உணவு விஷயத்தில் மிகக் கண்டிப்பு. பழம், காய், விதை, தேன், இறைச்சி எதையும் மறைத்தால் அபராதம். பைகளை மோப்ப நாயும் பார்க்கும். ஊரிலிருந்து கொண்டுபோகும் ஊறுகாய், பருப்புப்பொடி, கறிவேப்பிலை, முந்திரி எல்லாமே இந்தக் கணக்கில் வரும். படிவத்தில் ‘ஆம்’ என்று குறித்துக் காட்டிவிடுங்கள். அவர்கள் எடுத்துக்கொண்டாலும் அதோடு போகும், அபராதம் கிடையாது. பாதி தின்ற ஆப்பிள் பையின் அடியில் கிடப்பதுதான் அடிக்கடி மாட்டிவிடும் பொருள். எந்தத் திசையில் போனாலும் பழத்தை எல்லைக்கு முன்பே தின்று முடியுங்கள்.

உடைக்கு வருவோம். குளிருக்குப் பயந்து போகிறவர்கள் பஸ்ஸுக்குள் வியர்த்துப் போகிறார்கள், ஏனென்றால் ஹீட்டரை அவ்வளவு சூடாக வைப்பார்கள். ஜீன்ஸுக்குள் தெர்மல் கால்சட்டை போட்டுவிட்டால் வழியில் கழற்ற இடமில்லை. காலுக்கு ஒரே கனமான கால்சட்டையும் கம்பளிக் காலுறையும் போதும். மேலே உள்சட்டை, ஃப்ளீஸ், காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போட்டு, உள்ளே போனதும் மேலிரண்டையும் கழற்றிவிடலாம். ஜாக்கெட், குல்லா, கையுறை மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும். அடித்தட்டில் போன பெட்டிக்குள் இருந்தால் எல்லையில் சைபருக்குக் கீழே உள்ள குளிரில் நடுங்கிக்கொண்டே வரிசையில் நிற்பீர்கள். தலா ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு வேளைச் சாப்பாடு, பவர்பேங்க், அன்றிரவுக்கான மருந்து, டிஷ்யூ காகிதம் இவையும் அதே பையில். பஸ் கழிப்பறை சிறுநீருக்கு மட்டும். காகிதமோ தண்ணீரோ அங்கே இருக்குமென்று நம்ப வேண்டாம்.

இனி மெண்டோசா–புவெனஸ் ஐரிஸ். சுமார் 1,050 கிலோமீட்டர், 13 முதல் 15 மணி நேரம், சமவெளி, பனித் தொல்லை பெரும்பாலும் இல்லை. இதை இரவில் போடுங்கள். மலைப் பயணத்தில் மிச்சம் பிடித்த காசை இங்கே இருக்கையில் செலவழியுங்கள். ‘செமி காமா’ நம்மூர் செமி ஸ்லீப்பர் மாதிரி, வரிசைக்கு நான்கு இருக்கை. மலையைப் பகலில் கடக்க அது தாராளம். ‘காமா’ என்றால் வரிசைக்கு மூன்று, அகலமும் சாய்மானமும் அதிகம். ‘சூட்’ ஏறக்குறைய தட்டையாகச் சாயும். நம் ஆம்னி பஸ்போல மேலும் கீழுமாகப் படுக்கைப் பலகை எதிலும் கிடையாது. நீங்கள் இருவர் என்பதால் மூன்று இருக்கை வரிசையில் ஜோடிப் பக்கத்தைக் கேளுங்கள். கழிப்பறைக் கதவை ஒட்டிய வரிசையைத் தவிருங்கள்.

சில வகுப்புகளில் சாப்பாடும் உண்டு. பெரும்பாலும் ஹாமும் (பன்றி இறைச்சி) சீஸும் வைத்த சாண்ட்விச்சாகத்தான் இருக்கும். சைவர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ வந்து நிற்கும். மாடு, கோழி, ஹாம் மூன்றையும் தனித்தனியாக வேண்டாமென்று சொல்லுங்கள், கையிலும் ரொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பையை அடித்தட்டில் போடும்போது ஒட்டும் சீட்டின் மறுபாதியைத் தருவார்கள், இறங்கும்போது அதைக் காட்டாமல் பை கிடைக்காது. ஏற்றி இறக்கும் ஆளுக்குச் சில்லறை கொடுப்பது வழக்கம். பாஸ்போர்ட், பணம், போன் உள்ள சிறுபையைத் தலைக்கு மேல் தட்டில் வைக்கவே கூடாது. காலுக்கிடையில் வைத்து வாரை முழங்காலில் சுற்றிக்கொள்ளுங்கள்.

பெரிய டெர்மினல்களில் ஒரே மேடை எண் தராமல், 20-இலிருந்து 30 வரை என்று டிக்கெட்டில் போட்டிருப்பார்கள். பஸ்ஸின் நெற்றியில் உங்கள் ஊர் இல்லாமல் அது கடைசியாகப் போய்ச் சேரும் ஊர் எழுதியிருக்கும். அதனால் கவுண்டரிலேயே நிறுவனத்தின் பெயரோடு கடைசி ஊரையும் கேட்டுக் குறித்து வையுங்கள். ஒருவர் பைகளோடு நிற்க, மற்றவர் மேடைகளைப் பார்த்து வரலாம். புவெனஸ் ஐரிஸில் பஸ் ரெட்டிரோ டெர்மினலுக்கு வரும். அங்கே முதுகில் ஏதோ சிந்தியிருக்கிறது என்று துடைக்க வருகிறவர் பையைத் தட்டப் பார்க்கிறவர். நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். காலை எட்டு மணிக்குப் பிறகு வந்து சேரும் பஸ்ஸாகத் தேர்ந்தெடுத்தால் பளிச்சென்ற வெளிச்சத்தில் வெளியே வரலாம், ஜூலையில் அங்கே எட்டு மணிக்குத்தான் விடிகிறது.